“மூணு நாளா தூங்கல, ஆனா அசதியே இல்லைங்கிறா!”: வாசகர் கேள்வி, மனநல டாக்டர் பதில்

பிரசவத்துக்குப் பிறகு மனசுக்கு வரும் சிக்கல்களைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன மாதம் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “பெயர் போட வேண்டாம்” என்ற குறிப்போடுதான் வந்தன. அதனால் யார் பெயரும் இல்லை, சில ஊர்களையும் மாற்றியிருக்கிறோம்.

என் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகி ஒன்பது நாள் ஆகிறது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நாலாம் நாளிலிருந்து தூக்கம் கெட்டது. கடைசி மூன்று ராத்திரி கண்ணே மூடவில்லை. கேட்டால் “எனக்கு அசதியே இல்லைம்மா” என்கிறாள். நடுராத்திரியில் பீரோவைத் திறந்து புடவைகளை எல்லாம் எடுத்து மடித்து மடித்து வைக்கிறாள், ஓயாமல் பேசுகிறாள். நேற்றிலிருந்து “இது என் பிள்ளையே இல்லை, ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க” என்று சொல்கிறாள். ஆனால் இன்று காலை நன்றாகத்தான் பேசினாள், நாலு இட்லி சாப்பிட்டாள். காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்கலாம் என்கிறார் சம்பந்தி அம்மா. பச்சை உடம்பை வெளியில் கூட்டிப் போகாதே, முப்பது நாள் கழியட்டும் என்கிறார்கள் மற்றவர்கள். என்ன செய்வது?
— ஒரு அம்மா, தேனி மாவட்டம்

அம்மா, உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த அன்றே போன் செய்தோம், அன்று மாலையே மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். இப்போது உங்கள் அனுமதியோடு இதை அச்சில் போடுகிறோம், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்காரர் பத்திரிகையில் பதில் வரும் வரை காத்திருக்கக் கூடாது, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்காமல், தூக்கம் வேண்டாம் என்றும் சொல்லி, பேச்சும் ஒரு மாதிரி போனால் அது அவசரம். மாரடைப்புக்கு எப்படி ஓடுவீர்களோ அப்படி. 108ஐக் கூப்பிடலாம், மனநலப் பிரிவு இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போகலாம், எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14416க்கு அடித்துக் கேட்கலாம், அது அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள்.

இதற்குப் பேர் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ், பேறுகால மனப்பிறழ்வு என்று சொல்லலாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வருகிறது. கேட்க அபூர்வமாகத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 8, 9 லட்சம் பிரசவம் நடக்கிறது, ஆயிரத்துக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் 800 வீடுகளுக்கு மேல் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் பலருக்கு முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருந்தது, “ஜன்னி கண்டுடுச்சு” என்றார்கள், இல்லையென்றால் பேய் என்றார்கள். பிரான்சில் லூயி விக்டர் மார்சே என்ற டாக்டர் 1858லேயே கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோயைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

வீட்டில் எல்லாரும் ஏமாறுகிற இடம் நீங்கள் எழுதிய அந்த இட்லி வரிதான். இந்த நோய் ஒரே சீராக இருக்காது. காலையில் தெளிவாகப் பேசி, சாப்பிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்து, “பாருங்க, சரியாயிட்டா” என்று எல்லாரும் மூச்சு விடும்போது மத்தியானம் திரும்பவும் ஏறும். அந்தக் காலை நேரத்தை நம்பி ஒரு நாள், கோயிலுக்கு ஒரு நாள், மந்திரிக்க ஒரு நாள் என்று தள்ளிப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. சம்பந்தி அம்மாவோடு சண்டை போட வேண்டாம். திருநீறு பூசுவதால் ஒன்றும் கெடாது, பூசிக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள்.

ஏன் வருகிறது? நஞ்சுக்கொடி வெளியே வந்த சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் மளமளவென்று கீழே விழுகின்றன. அதோடு பிரசவ ராத்திரியிலிருந்தே தூக்கம் போகிறது. இந்த இரண்டையும் எல்லாத் தாய்மாரும் கடக்கிறார்கள், ஆனால் சிலருடைய மூளை பிறவியிலேயே இதற்கு வளைந்து கொடுக்காது. பைபோலார் எனப்படும், மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி ஏறி இன்னொரு சமயம் சோர்ந்து விழும் இருதுருவ மனநோய் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இப்படி வந்த குடும்பங்களிலும் வாய்ப்பு அதிகம். அதே சமயம் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதற்கு முன் ஒரு நாள்கூட மனநோய் இருந்திருக்காது. ஆகவே வளர்ப்பு சரியில்லை, மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்செல்லாம் வேண்டாம். அவளுக்கே தெரியாததை யார் மறைப்பது?

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, தைராய்டு பார்த்து, மூளையை ஸ்கேன் எடுத்தது ஏன் என்று போனில் கேட்டீர்கள். காய்ச்சலும் நோய்த்தொற்றும், தைராய்டு கோளாறும், ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருகிற பிரசவ இசிவும், மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதும் ஆரம்பத்தில் இதே மாதிரிக் குழப்பத்தைக் காட்டக்கூடும். கடைசியாகச் சொன்னது நம் பக்கம் கவனிக்க வேண்டிய விஷயம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீரோடு நிறுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, உடம்பில் நீர் வற்றுவது ரத்தம் உறைய ஒரு காரணம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். பகலில் தூங்கினால் உடம்பு ஊதும் என்பதையும் விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்கப் பால் கொடுத்தவள் பகலில் தூங்காமல் எப்போது தூங்குவாள்?

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள், பதினோராம் நாள். கையில் 80 பக்க கோடு போட்ட நோட்டு, விடவே மாட்டேன் என்றாள். இரண்டு ராத்திரியில் பாதி நோட்டை நிரப்பியிருந்தாள். முதல் பக்கத்தில் எறும்பு மாதிரிக் கையெழுத்து, போகப் போக எழுத்து பெரிதாகி கடைசியில் பக்கத்துக்கு நாலே வரி. டி.வி.யில் தனக்கு வரும் உத்தரவுகள், பிள்ளை ஒரு தெய்வ அவதாரம், நர்ஸ்களில் யார் நல்லவர், யார் ஒற்றர் என்று என்னென்னவோ. ஆனால் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் மணி போட்டு ‘பால்’, ‘பால்’, ‘மூத்திரம்’ என்று எழுதியிருந்தாள், ஒரு வேளை தவறவில்லை. அதை அவளுடைய அம்மாவிடம் காட்டினேன். மந்திரவாதியிடம் மூன்று நாள் அலைந்துவிட்டு வந்த அந்த அம்மா, அந்த ஓரத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்பது வாரத்தில் அந்தப் பெண் நடந்து வீட்டுக்குப் போனாள்.

இதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அம்மா. மனநோய்களிலேயே நன்றாகக் குணமாகிற நோய் இது. கடுமையான கட்டம் பொதுவாக 2 வாரத்திலிருந்து 12 வாரம் வரை, முழுசாகப் பழைய ஆளாக 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகலாம். இடையில் ஒரு சோர்வு வரும், “நான் இப்படியெல்லாம் பேசினேனா” என்ற வெட்கம் வரும், அப்போது வீடியோ எடுத்து வைத்ததைக் காட்டிச் சிரிக்கிற சித்தப்பாக்களைத் தள்ளி வையுங்கள். முதல் மருந்து தூக்கம், அதோடு மனப்பிறழ்வுக்கான மாத்திரை, சிலருக்கு மனநிலையைச் சீராக வைக்கிற லித்தியம். சிலருக்கு மின் அதிர்வுச் சிகிச்சையும் தேவைப்படும். சினிமாவில் காட்டுகிற ‘ஷாக்’ இல்லை அது. மயக்கமும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் செய்வதை 2017ஆம் வருஷச் சட்டமே தடை செய்திருக்கிறது.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்தீர்கள். அதே மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் சேயையும் சேர்த்தே சேர்க்கிற தனி வார்டு இருக்கிறது. நம் ஊரில் எல்லா இடத்திலும் அப்படி இல்லை, இருக்க வேண்டும். ஆனால் அவள் தெளியும் வரை பிள்ளையோடு தனியாக விடாதீர்கள், பகலோ ராத்திரியோ கூட ஒருவர் இருக்கட்டும். அரிதாகத்தான் என்றாலும், தனக்கோ பிள்ளைக்கோ ஆபத்து நேர்வது கவனிக்காமல் விட்ட இந்த நாட்களில்தான். அவள் மேல் சந்தேகப்பட்டு அல்ல, காய்ச்சலில் இருப்பவளைக் கிணற்றடிக்குத் தனியாக அனுப்ப மாட்டோமே, அந்த மாதிரி.

பிரசவமாகி ஐந்து நாள். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. குழந்தை சிரித்தாலும் அழுகிறேன், அவர் ஆபீஸ் கிளம்பினாலும் அழுகிறேன். எனக்கும் அந்த நோயா?
— இளம் தாய், சேலம்

இல்லை, தங்கச்சி. இது பேபி ப்ளூஸ், பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் வருவது. மூன்றாம் நாள் வாக்கில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்குள் தானாக ஓய்ந்துவிடும். தூங்குங்கள், அழ வேண்டும் என்றால் அழுங்கள், மாத்திரை ஒன்றும் வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. குழந்தைக்கு ஆறு வாரம். அரிவாள்மனையைப் பார்த்தால் குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு படம் மனசில் ஓடுகிறது, மொட்டை மாடிக்குப் போனாலும் அப்படித்தான். உடம்பெல்லாம் நடுங்குகிறது. அரிவாள்மனையைப் பரணில் போட்டுவிட்டேன், காய் நறுக்குவது எல்லாம் மாமியார்தான். குழந்தையைக் குளிப்பாட்டவும் பயம். நான் பேயா? என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பார்களா?
— பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

இந்த மாதம் வந்ததில் நான் இரண்டு முறை படித்த கடிதம் இது. நீங்கள் பேய் இல்லை, யாரும் உங்களை எங்கேயும் பிடித்துக் கொடுக்கப் போவதில்லை.

பிள்ளைக்குத் தன்னாலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்ற வேண்டாத எண்ணம் ஏறக்குறைய பாதித் தாய்மாருக்கு எப்போதாவது ஒரு தடவையாவது வந்து போகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அவர்களும் உங்களை மாதிரியே வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். பெரும்பாலோருக்கு “சீ, என்ன நினைப்பு இது” என்று தலையை உதறினால் போய்விடும். சிலருக்கு அது ஒட்டிக்கொள்கிறது, வரக் கூடாது என்று தள்ளத் தள்ள இன்னும் அதிகமாக வருகிறது. இது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

மேலே தேனி அம்மா எழுதியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அரிவாள்மனையைப் பரணில் போட்டீர்களே, அதில்தான் இருக்கிறது. மனப்பிறழ்வில் இருக்கிறவளுக்கு அந்த எண்ணம் பயமாக இருக்காது, சரி என்று படும், யாரோ சொல்கிற மாதிரி இருக்கும், பிள்ளையைக் காப்பாற்ற இதுதான் வழி என்றுகூடத் தோன்றும். உங்களுக்கு அது அருவருப்பாக இருக்கிறது, அதனால்தான் நடுங்குகிறீர்கள், ஒளித்து வைக்கிறீர்கள். ஓ.சி.டி.யில் இப்படி நடுங்குகிற தாய்மார் அந்த எண்ணத்தைச் செயலில் காட்டுகிறவர்கள் இல்லை.

ஆனால் ஒளித்து வைப்பது மருந்து இல்லை, அதுதான் நோய்க்குத் தீனி. இன்று அரிவாள்மனை, நாளைக்குக் குளியல், அப்புறம் தூக்கவே பயம் என்று போகும். மனநல டாக்டரிடமோ உளவியலாளரிடமோ இந்தக் கடிதத்தையே காட்டுங்கள், வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால். பயப்படுகிற காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைத்துப் பயத்தைக் குறைக்கிற பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரையும் இருக்கிறது. ஒருவேளை இந்த எண்ணம் சரிதான் என்று தோன்ற ஆரம்பித்தால், குரல் கேட்டால், தூக்கம் முழுசாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இரண்டாவதும் பெண் குழந்தை, நாலு மாதம் ஆகிறது. சமைக்கிறேன், துவைக்கிறேன், குழந்தையைப் பார்க்கிறேன். ஆனால் எதிலும் நான் இல்லை. குழந்தை அழுதால் தூக்குவேன், ஆசையாக இல்லை. மாமியார் ஒன்றும் திட்டவில்லை, பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். கணவர் நல்லவர், “யோசிக்காம இரு” என்கிறார். நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று சில நாள் தோன்றுகிறது.
— விருதுநகர் மாவட்டம்

கடைசி வரிக்கு முதலில். அப்படித் தோன்றுகிற நாளில் தனியாக இருக்காதீர்கள், கணவரிடம் அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள், 14416க்குப் பேசுங்கள். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், அடுத்த மாதம் இல்லை.

இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, டிப்ரஷன். சைக்கோசிஸ் மாதிரி தடாலென்று வராது, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும், வேலையெல்லாம் நடக்கிறதால் யாருக்கும் தெரியாது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பிள்ளை பெற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2002இல் வெளிவந்தது. நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. எதனால் என்று பார்த்தால் வறுமை, ஆண் பிள்ளை வேண்டும் என்றிருந்து பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்பகாலத்தில் ஏதாவது பெரிய கஷ்டம், கைக்கு உதவி இல்லாதது. உங்கள் கடிதத்தை அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம் போலிருக்கிறது. இந்தியா முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் போட்ட கணக்கில் நூற்றுக்கு 22 பேர். ஐந்தில் ஒரு தாய்! பிள்ளைக்கு எடை பார்க்கிறோம், தடுப்பூசிக்குக் கார்டு போடுகிறோம், தாயிடம் “நீ எப்படி இருக்கே” என்று கேட்க ஒரு வரி இல்லை.

கேட்கிற வழியும் இருக்கிறது. 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல், பத்தே கேள்வி, ஐந்து நிமிஷ வேலை. தமிழிலும் அதைச் சரிபார்த்து 2005இலேயே வேலூரில் வெளியிட்டார்கள். அடுத்த தடவை ஊசி போடப் போகும்போது ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்: “எனக்குப் பிள்ளை மேல ஆசை வரல, வாழப் பிடிக்கல.” இந்த இரண்டு வாக்கியம் போதும். வெறும் “உடம்பு அசதியா இருக்கு” என்றால் இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். தைராய்டும் ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் இதே அசதியைக் கொடுக்கும். லேசாக இருந்தால் ஆலோசனையே போதும், மிஞ்சியிருந்தால் மாத்திரை. செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் சேரும், பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆசை இல்லை என்கிறீர்கள், நோய் தணியும்போது அதுவும் வரும், நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, “யோசிக்காம இரு” என்பதை விட்டுவிட்டு, ராத்திரி ஒரு வேளைப் பாலை எடுத்து வைக்கச் சொல்லி நீங்கள் புகட்டுங்கள், அவள் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கட்டும். அம்மாவிடம் பேச வேண்டியதும் நீங்கள்தான், அவள் இல்லை.

ஆம்பளைகளுக்கும் இது வருமா டாக்டர்? கிண்டலுக்குக் கேட்கவில்லை.
— புது அப்பா, கோவை

வரும். மனச்சோர்வு, பத்தில் ஒரு அப்பாவுக்கு. மனைவிக்கு இருந்தால் உங்களுக்கு வருகிற வாய்ப்பும் கூடும். எரிச்சல், குடி, வீட்டுக்கே வராமல் வேலை வேலை என்று கிடப்பது, இப்படி வேறு வேஷத்தில் வரும். சிகிச்சை அதேதான்.

மூன்று வருஷத்துக்கு முன் முதல் பிரசவத்தில் என் மனைவிக்கு சைக்கோசிஸ் வந்து முழுசாகக் குணமாகிவிட்டது, இப்போது மருந்தும் இல்லை, வேலைக்குப் போகிறாள். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறாள். எங்கள் வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். திரும்பவும் வருமா?
— திருச்சி

வரலாம். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வாய்ப்பு என்று ஆய்வுகள் சொல்கின்றன, இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் போன தடவை யாருக்கும் தெரியாமல் வந்தது, இந்தத் தடவை வந்தால் எந்த வாரத்தில் வரும் என்பதே தெரியும், அதற்குள் நாம் தயாராக இருக்க முடியும். பிள்ளை வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியது அவளும் நீங்களும்தான், வீட்டுக் கூட்டம் இல்லை.

கர்ப்பத்துக்கு முன்பே மனநல டாக்டரைப் பாருங்கள், பிரசவம் பார்க்கிற டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு மாதிரி வேறு எதற்காவது வால்ப்ரோயேட் என்ற மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், கருவிலிருக்கும் பிள்ளைக்கு அது கெடுதல், நீங்களாகவும் நிறுத்தக் கூடாது. பிரசவமான உடனே தடுப்பு மருந்து ஆரம்பிப்பது ஒரு வழி. அது லித்தியமாக இருந்தால் தாய்ப்பாலைப் பற்றி முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும், பெரும்பாலும் பால்மாவுக்கு மாறச் சொல்வார்கள், அதற்காக அவளை யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. முதல் இரண்டு வாரம் ராத்திரிப் பொறுப்பு யாருக்கு என்று ஏழாம் மாதத்திலேயே தேதி போட்டு எழுதுங்கள், வளைகாப்புக்கு வருகிற சொந்தக்காரர்களிடமே ஆளுக்கு இரண்டு ராத்திரி கேட்டு வாங்கலாம், வளையலைவிட அது உபயோகம். போன தடவை முதலில் தெரிந்த அறிகுறி என்ன என்று அவளிடமே கேளுங்கள். அவளுக்கு ஞாபகம் இருக்கும்: பேச்சு வேகமானதா, தூக்கம் போனதா, யாரையாவது சந்தேகப்பட்டாளா என்று. அதை அவள் கையாலேயே எழுதி நீங்களும் அவளுடைய அம்மாவும் ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மருந்துச் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள், போன தடவை எந்த மருந்துக்கு, எந்த அளவில் அவள் சரியானாள் என்பது அதில்தான் இருக்கிறது.